துப்புக்கூலி: மாட்டுக் கொட்டகையிலிருந்து டேலி ஃபோல்டர் வரை

டிஸ்கி: நீளமான பதிவு. சரித்திரமும் கம்ப்யூட்டரும் கலந்து கட்டி எழுதியிருக்கேன். ஒரு டீயைப் பக்கத்துல வச்சுக்கிட்டு உக்காருங்க :-)

ரான்சம்வேர்னு ஒரு சமாச்சாரம் இருக்கே, அது என்னமோ அமெரிக்காவிலயும் ரஷ்யாவிலயும் முளைச்ச புதுப்பயிர்னுதான் நம்மில் பலர் நினைச்சிட்டிருக்கோம். தொழில்நுட்பம் புதுசுதான், மறுக்கல. ஆனா 'உன் பொருளை நான் ஒளிச்சு வச்சிருக்கேன், காசு கொடுத்தா திரும்பக் கிடைக்கும்' என்கிற ஏற்பாடு இருக்கு பாருங்க, அது மதுரைச் சீமைக்கு ரொம்பப் பழசு. எவ்வளவு பழசுன்னா, அதுக்குத் தமிழ்ல தனியா ஒரு பேரே இருக்கு. துப்புக்கூலி.

அதைவிட முக்கியமான விஷயம், அந்தத் துப்புக்கூலியை ஒழிக்க 1896-ல் இந்தப் பக்கத்து விவசாயிகள் போட்ட திட்டம். ஒரு வியாபார நெட்வொர்க்கை ரான்சம்வேரிலிருந்து காப்பாத்த இன்னைக்குக் கன்சல்டன்ட்கள் லட்சக்கணக்கில் வாங்கிக்கிட்டு பவர்பாயின்ட்ல காட்டுறாங்களே, கிட்டத்தட்ட அதேதான். அந்தத் திட்டம் எங்கே ஜெயிச்சுது, எங்கே கோணிக்கிட்டுப் போச்சுன்னு பார்க்கிறதுதான் இந்தப் பதிவு.

காவல் என்றொரு ஒப்பந்தம்

போலீஸ் ஸ்டேஷன் வருவதற்கு முன்னாடி ஊரை யார் காவல் காத்தாங்க? காவல்காரர்கள். ஒரு ஊருக்கு மட்டும் என்றால் தலக்காவல். ஒரு வட்டாரத்துக்கே பாளையக்காரர் பொறுப்பு எடுத்தால் தேசகாவல். ஊர்க்காரர்கள் விளைச்சலில் ஒரு பங்கோ, பணமோ கொடுத்துவிடணும். பதிலுக்குக் காவல்காரர் ராத்திரி முழிச்சிருந்து ஆடுமாடு, களத்துமேடு, வீடு எல்லாத்தையும் பார்த்துக்கணும். மதுரைக்கு மேற்கே இந்தக் காவல் பெரும்பாலும் பிரமலைக் கள்ளர்கள் கையில் இருந்தது. மற்ற பகுதிகளில் மறவர் உட்பட வேறு பல சமூகத்தாரும் காவல் பார்த்தாங்க.

இதில் என்னை அசர வச்ச ஒரு ஷரத்து இருக்கு. பொருள் களவு போனால், காவல்காரர் அதைக் கண்டுபிடிச்சுக் கொடுக்கணும். முடியலைன்னா தன் கையிலிருந்து நஷ்டஈடு கொடுக்கணும். யோசிச்சுப் பாருங்க. இன்னைக்கு நீங்க ஆன்ட்டிவைரஸ் இன்ஸ்டால் பண்ணும்போது 'ஐ அக்ரீ' அமுக்குறீங்களே, அதுல என்ன எழுதியிருக்கும்? என்ன நஷ்டம் ஆனாலும் கம்பெனி பொறுப்பல்லன்னு எழுதியிருக்கும். நம்ம ஊர் காவல்காரர் அதைவிட நாணயமான ஒப்பந்தம் போட்டிருக்கார் :-)

1799-லும் 1801-லும் பாளையக்காரர் போர்களை முடிச்ச கையோட, கும்பினி பாளையக்காரர்களின் காவல் உரிமையைப் பறிச்சுது. 1816-ல் கிராம முன்சீப்பு, தாசில்தார், கலெக்டர் என்று போலீஸ் வேலையைக் கொண்டுபோனாங்க. 1859-ல் சென்னை மாகாணத்துக்குப் போலீஸ் சட்டம் வந்தது. காகிதத்தில் காவல் முடிஞ்சு போச்சு. ஊரில் முடியல. ஏன்னா புதுப் போலீஸ் எண்ணிக்கையில் குறைவு, ஸ்டேஷன் தூரம், களவு போன மாட்டுக்கு நஷ்டஈடு தரும் வழக்கம் அவங்களுக்குக் கிடையாது. மறுபக்கம், தலைமுறை தலைமுறையாக் காவலை நம்பிப் பிழைச்ச வானம் பார்த்த பூமிக்காரர்களுக்கு வேற பிழைப்பு எதையும் சர்க்கார் காட்டல. சட்டப்படி இல்லாத உரிமை, வயித்துப்பாட்டுக்காகத் தொடர்ந்தது.

அப்படித் தொடர்ந்த காவலின் கெட்டுப்போன முகம்தான் துப்புக்கூலி. காவல் பணம் கொடுக்காத ஊரில் மாடு காணாமப் போகும். மாட்டுக்காரர் ஸ்டேஷனுக்குப் போறதில்லை. துப்பு தெரிஞ்ச ஒரு ஆளைப் பார்த்துக் கூலி கொடுப்பார். சில நாள்ல ஏதாவது ஒதுக்குப்புறத்தில் மாடு கட்டிக் கிடக்கும். அந்தக் கூலி, பொருளோட மதிப்பில் பாதி அளவுக்குக்கூடப் போகும்னு வெள்ளைக்கார அதிகாரிகள் எழுதி வச்சிருக்காங்க. 1906-ல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த மதுரை மாவட்டக் கெசட்டியரில் இதெல்லாம் விலாவாரியா இருக்கு. ஆனா அது கலெக்டர் ஆபீஸ் ஜன்னல் வழியாப் பார்த்த மதுரை என்பதை ஞாபகம் வச்சுக்கணும். ஜன்னலுக்கு அந்தப் பக்கத்துக் கதை வேணும்னா சு. வெங்கடேசனின் 'காவல் கோட்டம்' இருக்கு. 2008-ல் வந்து 2011-ல் சாகித்ய அகாதமி விருது வாங்கின நாவல். தலையணை சைஸ்தான், இருந்தாலும் படிக்கலாம்.

1896: கொம்பு, பண்டு, கட்டுப்பாடு

1896-ல் திண்டுக்கல் பக்கம் ஒரு இயக்கம் கிளம்புச்சு. ஆரம்பிச்சு வச்சவர் இடையர் சமூகத்தைச் சேர்ந்தவர். ஆடுமாடே சொத்தாக இருந்தவங்களுக்குத்தானே வலி அதிகம். ஊர் ஊராக் கூட்டம் போட்டு, இனிமே காவல் பணம் கிடையாதுன்னு சத்தியம் வாங்கினாங்க. சத்தியத்தோட நிறுத்தியிருந்தா ஒரு மாசத்தில் பிசுபிசுத்திருக்கும். அவங்க கூடவே நாலு ஏற்பாடு பண்ணினாங்க.

ஒண்ணு, பொது நிதி. 'பண்டு'ன்னு பேர். மாடு களவு போனாலோ, ஆத்திரத்தில் யாராவது வீட்டைக் கொளுத்தினாலோ அதிலிருந்து நஷ்டஈடு. ரெண்டு, சொந்தமா நியமிச்ச புதுக் காவலாளிகள். மூணு, அந்தக் காவலாளிகள் கையில் ஆளுக்கொரு ஊதுகொம்பு. களவு நடந்தா உடனே ஊதணும். நாலு, கட்டுப்பாடு. இந்த ஏற்பாட்டை மீறுகிறவங்களுக்கு அபராதப் பட்டியல்.

கொஞ்சம் நிறுத்தி இதை நம்ம பாஷையில் மொழிபெயர்ப்போம். பண்டு என்பது பேக்கப். போனது போகட்டும், நான் நாளைக்குக் கடை திறக்க முடியும் என்கிற தைரியம். காவலாளி என்பது மானிட்டரிங். கொம்பு என்பது அலர்ட். கட்டுப்பாடு என்பது ரான்சம் கட்டக்கூடாது என்ற கொள்கை. இந்த வரிசையில் முக்கியமான சூட்சுமம் என்னன்னா, முதல் மூணு இல்லாமல் நாலாவது நிக்காது. பண்டு இல்லாதவனைப் பார்த்து 'துப்புக்கூலி கொடுக்காதே'ன்னு சொன்னா அது உபதேசம். பண்டு இருக்கிறவனுக்கு மட்டும்தான் அது கொள்கை.

பிளாப்பியில் வந்த துப்புக்கூலி

இப்போ கம்ப்யூட்டர் பக்கம் வருவோம். 1989 டிசம்பரில், எய்ட்ஸ் நோய் பற்றிய தகவல் என்று லேபிள் ஒட்டின சுமார் 20,000 பிளாப்பிகள் லண்டனிலிருந்து பல நாடுகளுக்குத் தபாலில் போச்சு. அனுப்பினவர் ஜோசப் பாப் என்ற உயிரியல் விஞ்ஞானி. கம்ப்யூட்டரில் போட்டால், சுமார் 90 தடவை ஆன் பண்ணினதுக்கு அப்புறம் ஃபைல் பேர்களையெல்லாம் குழப்பிவிட்டு, பனாமாவில் ஒரு தபால் பெட்டிக்கு 189 டாலர் அனுப்பச் சொல்லும். உலகத்தின் முதல் ரான்சம்வேர் இதுதான்னு சொல்றாங்க. நல்லவேளை, பூட்டின சாவியை அந்த புரோகிராமுக்குள்ளேயே வச்சிருந்தார். ஜிம் பேட்ஸ் என்பவர் அதைப் பிரிச்சுப் பார்த்து, இலவசமாவே திறக்கிற மென்பொருள் எழுதிக் கொடுத்துட்டார். பாப் கைதானார், ஆனா மனநிலை சரியில்லைன்னு வழக்கு நடக்கல.

1996-ல் ஆடம் யங், மோட்டி யுங் என்ற ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் ஒரு கட்டுரையில் சொன்னாங்க: பூட்டுறதுக்கு ஒரு சாவி, திறக்கிறதுக்கு வேற சாவி என்கிற முறையைப் பயன்படுத்தினால், வைரஸை அக்கக்காப் பிரிச்சாலும் திறக்கும் சாவி கிடைக்காதுன்னு. எச்சரிக்கைக்காகச் சொன்னாங்க. கெட்டவன் பாடப் புத்தகமா எடுத்துக்கிட்டான்.

ஆனாலும் ஒரு முடிச்சு பாக்கி இருந்தது. பணத்தை எப்படி வாங்குறது? பாங்க் கணக்கு கொடுத்தா மாட்டிக்குவான். 2013 செப்டம்பரில் வந்த கிரிப்டோலாக்கர் பிட்காயினில் பணம் கேட்டுது. முடிச்சு அவிழ்ந்தது. அதுக்கப்புறம் இது ஒரு தொழிலாவே ஆகிப்போச்சு.

துப்புக்கூலிக்கும் இதுக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இங்கதான் இருக்கு. துப்புக்கூலி வாங்கினவர் பக்கத்து ஊர்க்காரர். அடுத்த வருஷமும் உங்க முகத்தில் முழிக்கணும். வாக்குத் தவறினால் பிழைப்பு போயிடும். ரான்சம்வேர்க்காரனுக்கு ஊரும் இல்லை, முகமும் இல்லை. 2021 மே மாதம் அமெரிக்காவில் கலோனியல் பைப்லைன் கம்பெனி 44 லட்சம் டாலர் கட்டித்தான் சாவி வாங்குச்சு. அந்த சாவி ஆமை வேகத்தில் வேலை செஞ்சதால கடைசியில் தங்களோட பேக்கப்பையும் வச்சுத்தான் சமாளிச்சாங்க. அவ்வளவு பெரிய கம்பெனிக்குள்ள திருடன் நுழைஞ்ச வழி என்ன தெரியுமா? யாரும் பயன்படுத்தாம விட்ட ஒரு பழைய விபிஎன் கணக்கு. பாஸ்வேர்டு மட்டும்தான், ஓடிபி மாதிரி ரெண்டாவது பூட்டு இல்லை.

நம்ம பக்கத்துக் கணக்கு

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வான்னாக்ரை. 150 நாடுகள், ரெண்டு லட்சத்துக்கும் மேல கம்ப்யூட்டர்கள். இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஸ்தம்பிச்சுது. நம்ம பக்கம் கேரளாவில் வயநாடு தரியோடு, பத்தனம்திட்டா அருவாப்புலம் பஞ்சாயத்து ஆபீஸ்களில் 300 டாலர் கேட்டுத் திரை வந்து நின்னுச்சு. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம் ரெனோ நிசான் கார் ஆலையிலும் உற்பத்தி பாதிச்சதாச் செய்தி வந்தது. இதில் வயித்தெரிச்சல் என்னன்னா, அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தாங்க. கிட்டத்தட்ட ரெண்டு மாசம் இருந்தது.

அதே வருஷம் ஜூன் 27-ல் நாட்பெட்யா. மும்பை நவசேவா துறைமுகத்தில் மெர்ஸ்க் குழுமம் நடத்துற முனையத்தில் வேலை நின்னுபோச்சு. மெர்ஸ்க்கின் உலகளாவிய நெட்வொர்க்கையே அது தின்னுட்டுது. டொமைன் கன்ட்ரோலர் என்கிற அடிப்படை சர்வர்கள் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு நகல். அதனால எல்லாமே ஒரே நேரத்தில் அழிஞ்சுது. ஒண்ணே ஒண்ணு தப்பிச்சுது. ஆப்பிரிக்காவில் கானா நாட்டு ஆபீஸ். அந்த நேரம் பார்த்து அங்க கரன்ட் போயிருந்துச்சு! மின்வெட்டுக்கு நன்றி சொன்ன ஒரே கம்பெனி அதுவாத்தான் இருக்கும் :-) ஆனா இதில் இருக்கிற பாடம் சிரிப்பு இல்லை. ஒயரில் மாட்டாமல் இருக்கும் பிரதிதான் பிரதி. மத்ததெல்லாம் நிழல். ஆள் விழுந்தா நிழலும் விழும்.

2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலகத்தில், பொதுத்துறை என்கிற துறையின் கம்ப்யூட்டர்கள் பூட்டப்பட்டு, 1,950 டாலர் கிரிப்டோவில் கேட்டாங்க. முக்கியப் பிரமுகர்களின் பயண ஏற்பாடுகளைப் பார்க்கிற துறை அது. தொகையைக் கவனியுங்க. கோடிக்கணக்கில் இல்லை, ஒரு லட்சத்தி நாப்பதாயிரம் ரூபாய் வரும். அப்படின்னா திருடனுக்குத் தான் யார் வீட்டுக்குள்ள இருக்கோம்னுகூடத் தெரிஞ்சிருக்கல போல. மளிகைக் கடைக்கும் மாநில அரசுக்கும் ஒரே ரேட். 'நம்ம கடையை எவன் தேடி வரப்போறான்'னு சொல்றவங்க இதைக் குறிச்சு வச்சுக்கணும். அவன் யாரையும் தேடி வரல. திறந்திருக்கிற கதவுக்குள்ள எல்லாம் நுழையறான், அவ்வளவுதான்.

கீழமாசி வீதியில்

2019-ல் எனக்குத் தெரிஞ்ச ஒரு மொத்த வியாபாரிக்கு நடந்ததைச் சொல்றேன். கீழமாசி வீதியில் கடை. மூணு பில்லிங் கம்ப்யூட்டர், உள்ளே ஒரு கம்ப்யூட்டரில் டேலி. அந்த டேலி ஃபோல்டர் மத்த எல்லாத்திலும் இசட் டிரைவா மாட்டியிருந்தது. யார் வேணும்னாலும் எழுதலாம், அழிக்கலாம். ஒரு பில்லிங் கம்ப்யூட்டரில் யாரோ ஏதோ ஒரு மென்பொருளோட கிராக் இறக்கியிருக்காங்க. ஸ்டாப் டிஜேவியூன்னு ஒரு ரான்சம்வேர் குடும்பம், அந்தக் காலகட்டத்தில் கிராக் வழியாத்தான் பரவிச்சு. சாயங்காலத்துக்குள்ள டேலி ஃபோல்டர் காலி. எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் பேக்கப் இருந்தது. அதுவும் எப்பவும் சொருகியே இருந்ததால அதையும் பூட்டிட்டுது.

அதோட கடிதத்தில் 980 டாலர் கேட்டிருந்தான். 72 மணி நேரத்துக்குள்ள வந்தா பாதி விலை, 490 டாலர். படிச்சதும் எனக்குத் துப்புக்கூலிதான் ஞாபகம் வந்தது. அதே பாதி!

"தம்பி, முப்பத்தஞ்சாயிரம்தானே, கொடுத்துத் தொலைச்சிடலாமா?"ன்னார் அண்ணாச்சி. ஆடி முடிஞ்சு ஆவணி வியாபாரம் சூடு பிடிக்கிற நேரம். யாருக்கு எவ்வளவு பாக்கின்னு தெரியாம வசூலுக்கு ஆள் அனுப்ப முடியாது. அவர் கேட்டது நியாயமான கேள்வி.

"அண்ணாச்சி, கொடுத்தா வரும்னு யார் சொன்னா? முதல்ல உங்ககிட்ட என்ன மிச்சம் இருக்குன்னு பார்ப்போம்"னு சொன்னேன்.

மிச்சம் இருந்தது. ஜிஎஸ்டி கணக்குக்காக ஆடிட்டர் ஆபீஸ் பையன் அந்த மாசம் 11-ஆம் தேதிக்கு முன்னாடி ஒரு பென் டிரைவில் டேலி டேட்டாவை எடுத்துட்டுப் போயிருந்தான். அது அவங்க மேஜை டிராயரில் தூங்கிட்டிருந்தது. அதுக்கப்புறம் வந்த பில் எல்லாத்துக்கும் கார்பன் காப்பி இருந்தது. அறுபது வயசு கணக்குப்பிள்ளை, கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையில் சிட்டை எழுதுறதை விடல. எல்லாரும் கிண்டல் பண்ணின அந்த சிட்டைதான் பாக்கிப் பட்டியலைக் காப்பாத்திச்சு. ரெண்டு பேர் நாலு ராத்திரி உக்காந்து திரும்ப ஏத்தினாங்க. ஒரு பைசா கட்டல.

பூட்டின ஃபைல்களை அழிக்காம ஒரு டிஸ்க்கில் எடுத்து வைக்கச் சொல்லியிருந்தேன். 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் கம்பெனி, மைக்கேல் கில்லெஸ்பி என்பவரோட சேர்ந்து, இந்தக் குடும்பத்தின் 148 வகைகளுக்குத் திறவுகோல் இலவசமா வெளியிட்டுது. அண்ணாச்சியோட பழைய ஃபைல்கள்ல பாதி அதில் திறந்துச்சு. அதனாலதான் சொல்றேன், பூட்டினதை ஃபார்மேட் பண்ணிடாதீங்க. இன்னைக்கு இல்லாத சாவி நாளைக்கு வரலாம்.

அந்த நாலு நாளில் இன்னொண்ணும் நடந்தது. அண்ணாச்சி பில்லிங் பையனை வேலையை விட்டு நிறுத்தக் கிளம்பிட்டார். அந்த கம்ப்யூட்டரில் மூணு பேர் உக்காருவாங்க, ஒரே பாஸ்வேர்டு. ஆனா கண்ணு போனது அந்தப் பையன் மேலதான். ஏன்னு கேட்டா, "அவன் ஊர்ப் பக்கம் அப்படித்தான் தம்பி"ன்னார். எனக்குச் சுருக்குன்னுச்சு.

ஆளைத் தேடின கதை

1896 எப்படிக் கோணிப்போச்சுன்னு சொல்றேன்னேனே, அது இதுதான். பண்டும் கொம்பும் பாதுகாப்புக்காக ஆரம்பிச்சது. சில மாசத்தில் அது, காவல் பார்த்தானோ இல்லையோ, கள்ளராப் பிறந்தவங்களையெல்லாம் ஊரை விட்டு விரட்டுறதா மாறிச்சு. குடியிருப்புகள் எரிஞ்சுது. ஒரு தப்பான ஏற்பாட்டை எதிர்த்த போராட்டம், ஒரு சமூகத்தை எதிர்த்த வெறியா மாறிடுச்சு.

சர்க்கார் அதையே சட்டமாக்கிச்சு. 1911 குற்றப் பரம்பரைச் சட்டத்தை 1914 முதல் பிரமலைக் கள்ளர் மேல் பாய்ச்சினாங்க. ஆம்பளைங்க ரேகை வைக்கணும், ராத்திரி ஸ்டேஷன் கண்காணிப்பில் கிடக்கணும். யாரு என்ன பண்ணினான்னு கேள்வி இல்லை, யாருக்குப் பிறந்தான் என்பதுதான் கேள்வி. அதை எதிர்த்து நின்ன பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் சுட்டதில் மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் செத்தாங்க. உசிலம்பட்டிப் பக்கம் போனால் நினைவுத்தூண் இருக்கு. 1947-ல்தான் அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் ஒழிஞ்சுது.

நெட்வொர்க் பாதுகாப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்காதீங்க, நேரடி சம்பந்தம் இருக்கு. 2022 நவம்பர் 23-ல் டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி சர்வர்கள் பூட்டப்பட்டுச்சு. ரெண்டு வாரம் போல ஓபி சீட்டிலிருந்து லேப் ரிப்போர்ட் வரைக்கும் கையெழுத்துதான். ஆரம்பத்திலேயே ரெண்டு சிஸ்டம் அனலிஸ்ட்களை சஸ்பெண்ட் பண்ணினாங்க. பிறகு மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்ன காரணம்: 5 சர்வர்கள், சுமார் 1.3 டெராபைட் டேட்டா, நெட்வொர்க்கைச் சரியாப் பகுதி பிரிக்காதது. அதாவது கதவுகள் இல்லாத வீடு. இத்தனை பெரிய வீட்டுக்குக் கதவு வைக்கிறது ரெண்டு ஆள் முடிவா?

ஆளைத் தேடினா ஒரு ஆள் கிடைப்பான். கதவு திறந்தேதான் கிடக்கும். இன்னொரு நஷ்டமும் இருக்கு. தண்டனைக்குப் பயந்தா எந்தப் பையனும் கொம்பு ஊதமாட்டான். தப்பான லிங்க்கை அமுக்கினவன், "சார், ஏதோ ஆயிடுச்சு"ன்னு பத்து நிமிஷத்தில் ஓடிவந்து சொல்ற கடை பிழைச்சுக்கும். பயந்து ராத்திரி வரைக்கும் மறைக்கிற கடை பிழைக்காது.

அண்ணாச்சி பையனை நிறுத்தல. ரெண்டு நாள் பேசிப் பேசித்தான் ஒத்துக்கிட்டார். அவன்தான் அந்த நாலு ராத்திரியும் கணக்குப்பிள்ளையோட உக்காந்து பில் ஏத்தினவன்.

மதில் இடிச்ச ஊரின் பாடம்

பகுதி பிரிக்கிறதுன்னு சொன்னேன். மதுரைக்காரனுக்கு அதை விளக்க படமே வேண்டாம். நடுவில் மீனாட்சி கோயில், உள்ளே ஆடி வீதி, சுத்தி சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியா வெளி வீதி. ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு மரியாதை. வெளி வீதிக்குப் பக்கத்தில்தான் நாயக்கர் காலத்துக் கோட்டை மதிலும் அகழியும் இருந்தது. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடிச்சு அகழியைத் தூர்த்து ஊரை விரிச்சார். அவர் ஞாபகமா நிக்கிறதுதான் நம்ம விளக்குத்தூண். மதில் போன பிறகும் ஊர் ஊராத்தான் இருக்கு, ஏன்னா உள்ளே வளையங்கள் இருக்கு.

கடை நெட்வொர்க்கும் அப்படித்தான். ஃபயர்வால் என்கிற ஒத்தை மதிலை நம்பாதீங்க. கருவறையில் இருக்க வேண்டியது கணக்கு சர்வர். பில்லிங் அடுத்த வளையம். சிசிடிவி பெட்டி, வர்றவங்களுக்குக் கொடுக்கும் வைஃபை எல்லாம் வெளி வீதி. வெளி வீதியில் நிக்கிறவன் நேரா கருவறைக்கு வரக்கூடாது. 2024 ஜூலை 31-ல் கூட்டுறவு வங்கிகளுக்குச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனத்தில் ரான்சம்வேர் புகுந்ததும், என்பிசிஐ உடனே அதன் இணைப்பை வெட்டிச்சு. சுமார் 300 சின்ன வங்கிகளுக்கு யுபிஐ, ஏடிஎம் நின்னுச்சுதான். ஆனா மறுநாளே திரும்ப வந்தது, நோய் மத்த வங்கிக்குப் பரவல. வெட்டத் தெரியணும்னா முதல்ல பிரிச்சு வச்சிருக்கணும்.

சரி, 1896 திட்டத்தை இன்னைக்குக் கடைக்கு எப்படிப் போடுறது? எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.

பண்டு: பீட்டர் கிரோ என்ற போட்டோகிராபர் பிரபலமாக்கின 3-2-1 கணக்கு இருக்கு. மூணு பிரதி, ரெண்டு வகைச் சாதனம், ஒண்ணு வேற இடத்தில். சின்னக் கடைக்கு ரெண்டு ஹார்டு டிஸ்க் போதும். இன்னைக்கு ஒண்ணு, நாளைக்கு ஒண்ணு. காப்பி முடிஞ்சதும் உருவிடணும். ஒண்ணு வீட்டு பீரோவில். மாசம் ஒரு தடவை வேற கம்ப்யூட்டரில் போட்டு டேலி திறக்குதான்னு பார்க்கணும். திறந்து பார்க்காத பேக்கப், எண்ணிப் பார்க்காத சீட்டுப் பணம் மாதிரி.

காவலாளி: ஒரிஜினல் விண்டோஸ், அப்டேட்டை நிறுத்தாதீங்க. கிராக் வேண்டவே வேண்டாம். வீட்டிலிருந்து கடை கம்ப்யூட்டரைப் பார்க்க ரிமோட் டெஸ்க்டாப்பின் 3389 போர்ட்டை இன்டர்நெட்டுக்குத் திறந்து வைக்கிற பழக்கம் நம்ம பக்கம் நிறைய இருக்கு. வாசலைத் திறந்து போட்டுட்டு சாவியை மட்டும் பத்திரமா வச்சிருக்கிற வேலை அது. விபிஎன் வழியா வாங்க, ஓடிபியும் போடுங்க. ஆளுக்கொரு லாகின். பில் போடுறவருக்கு அழிக்கும் அதிகாரம் எதுக்கு?

கொம்பு: ஏதாவது விபரீதமாத் தெரிஞ்சா முதல் வேலை லேன் கேபிளை உருவுறது. ஃபார்மேட் ரெண்டாம் பட்சம். அவன் எழுதின கடிதத்தைப் பத்திரப்படுத்துங்க, 'நோ மோர் ரான்சம்' தளத்தில் அந்த வகைக்குச் சாவி இருக்கான்னு பாருங்க. சைபர் கிரைமில் புகார் கொடுங்க. 2022 ஏப்ரல் 28-ல் செர்ட்-இன் போட்ட உத்தரவுப்படி 6 மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குத் தெரிவிக்கணும், சிஸ்டம் பதிவுகளை 180 நாள் வச்சிருக்கணும். மானம் போயிடும்னு மறைக்காதீங்க. கொம்பு ஊதினாத்தானே பக்கத்து ஊர்க்காரன் முழிச்சுக்குவான்.

கட்டுப்பாடு: இதுதான் நம்மகிட்ட சுத்தமா இல்லாதது. 1896-ல் ஊர்கள் சேர்ந்து முடிவெடுத்தாங்க. இன்னைக்கு வணிகர் சங்கம் ஜிஎஸ்டிக்குக் கூட்டம் போடுது, கதவடைப்பு நடத்துது. ஒரு வீதிக்கடைகள் எல்லாம் சேர்ந்து ஒரு நல்ல டெக்னீஷியனை மாசச் சம்பளத்துக்கு வச்சு, வாரம் ஒரு தடவை எல்லார் பேக்கப்பையும் சரிபார்க்கச் சொன்னா ஒரு கடைக்கு எவ்வளவு ஆகப்போகுது? அது புதுக் காவல். ஆனா பழைய ஒப்பந்தத்தில் இருந்த அந்த ஒரு ஷரத்தை மறக்காமச் சேர்த்துக்கணும்: காத்துக் கொடுக்க முடியலைன்னா பொறுப்பு ஏத்துக்கணும். இன்னைக்குக் கம்ப்யூட்டர் கடைக்காரரோட போடும் ஏஎம்சி பேப்பரில் அந்த வரி இருக்கான்னு ஒரு தடவை எடுத்துப் பாருங்க. இருக்காது. கேட்டு எழுதி வாங்குங்க.

உங்க ஊர்ப் பக்கம் இந்தக் காவல், துப்புக்கூலி பத்தித் தாத்தா பாட்டி சொன்ன கதை இருந்தா பின்னூட்டத்தில் போடுங்க மக்களே. தஞ்சாவூர், சிவகங்கை, ராம்நாடு பக்கம் வேற மாதிரி வழக்கம் இருந்திருக்கு, தெரிஞ்சவங்க எழுதினா நல்லாருக்கும். அதுக்கு முன்னாடி, அந்த எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் இன்னமும் சொருகியே இருக்கான்னு பார்த்துட்டு வாங்க.